முனியம்மா அசையாத நேரம்

இத்தனை ஆண்டு பேனா பிடித்த நான் இப்போது கண்ணாடித் தகட்டுக் கேமரா பழகுகிறேன். ரப்பர் மர நிழலில் வெளிச்சம் போதாமல் சில வினாடி திறந்துவைத்து எடுத்த படங்களில் தொழிலாளர் கைகளெல்லாம் அசைந்து கலங்கிவிட்டன.

"இன்னைக்கும் கலங்கிச்சுன்னா பேனாவோட இருந்துக்குங்க," என்றார் பத்திரிகை ஆசிரியர்.

காலையில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில், பாலெடுக்க ரப்பர் மரம் சீவும் முனியம்மாவிடம் "அசையாம நில்லும்மா" என்றேன்.

"நான் நின்னுட்டா, இந்த மரத்தையெல்லாம் நீங்களா சீவுவீங்க, அண்ணே?"

முனியம்மா வேலை செய்வதைக் கவனித்தேன். ஒவ்வொரு மரத்தையும் சீவியதும், முதல் சொட்டுப் பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழும்வரை அவர் அசையவில்லை. அடுத்த மரத்தில் அந்த நேரம் பார்த்து எடுத்தேன்.

மாலை ஈப்போவில் கண்ணாடித் தகட்டைக் கழுவினால், விரல் நகம்கூடத் தெளிவு! படம் முதல் பக்கத்துக்குப் போகிறது.

"அடுத்தது குதிரைப் பந்தயம் போலாம்லா," என்கிறார் ஆசிரியர்.

குதிரை எப்போது அசையாமல் நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.