தைஷான் வரைபடத்தில் ஒரு ரயில் பாதை

என் அம்மாவின் வீட்டுக்கு அந்த இரண்டு பேரை அனுப்பியது நீங்கள்தான்.

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் நீங்கள் எழுதியதை வாசித்தேன். எழுபதுகளில் மெல்பர்னில் படித்த மலேசியத் தமிழ் மாணவர்களை, செயலாளராக இருந்து கண்ணைப் போல் பார்த்துக்கொண்டீர்களாம். ஒருவருக்கும் ஒரு தொல்லையும் வந்ததில்லையாம். எனக்கு வந்தது. உங்கள் பெயரைப் போடாமல் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. புவியியல் இரண்டாம் ஆண்டு. சீனாவில் ஏதாவது ஒரு மாவட்டத்தை எடுத்து அதன் நிலத்தையும் வரலாற்றையும் எழுதச் சொன்னார் விரிவுரையாளர். ஆஸ்திரேலியா சீனாவோடு உறவு தொடங்கியிருந்த நேரம். இங்கே எல்லாருக்கும் சீனா மேல் ஆசை. எங்கள் மலேசியாவில் கதை வேறு. அங்கே காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். விசாரணை இல்லாமலே ஒருவனை இரண்டு வருடம் உள்ளே வைக்கச் சட்டம் இருந்தது. இதெல்லாம் தெரிந்தும் தைஷானை எடுத்தேன். அம்மாதான் காரணம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த புனிதர், சீனாவுக்குள் போக முடியாமல் கரைக்கு எதிரே ஒரு தீவில் காய்ச்சலில் இறந்தார். சாங்சுவான் என்ற அந்தத் தீவு தைஷானைச் சேர்ந்தது. அம்மா அவர் படத்தின் முன்னால்தான் தினமும் செபம் சொல்வார். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தைஷான் குவாங்டோங் மாகாணத்தின் தென்கரையில் இருக்கிறது. மலை அதிகம், வயல் குறைவு. பசி தாங்காமல் ஆண்கள் கப்பலேறினார்கள். அந்தப் பக்கத்து நான்கு மாவட்டத்துக்காரர்கள்தான் இங்கே விக்டோரியா மாநிலத்தின் தங்கச் சுரங்கங்களுக்குக் கூட்டமாக வந்தவர்கள். தென் மெல்பர்னில் அவர்கள் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் தைஷானில் ரயில் பாதை போட்டார். ஜப்பான்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்று போர்க்காலத்தில் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். என் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். அதனால் அந்தப் பாதையைச் சிவப்பு மையில் வரைந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்குச் சாப்பிட வந்தீர்கள். வரைபடம் மேசையில் கிடந்தது.

"என்னடா, சீனா மேப்பா?"

"ஆமாண்ணே. இதப் பாத்து ஒண்ணு வரைஞ்சு அம்மாவுக்கு அனுப்பணும்."

"அம்மாவுக்கா, பீக்கிங்குக்கா?"

"இந்தத் தீவுலதாண்ணே நம்ம புனிதர் இறந்தாரு."

"அதுக்கு எதுக்கு ரயிலு? உங்கம்மா டிக்கெட் எடுக்கப் போறாங்களா?"

"அந்த ரயிலே இப்ப இல்லண்ணே. புடுங்கிட்டாங்க."

சிரித்தோம். நீங்கள் கேலி செய்ததால் அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் ரயில் பாதையை விட்டுவிட்டேன். கடல், கரை, தீவு. அவ்வளவுதான். சிவப்புப் பாதை போட்ட படம் என் அறையை விட்டு வெளியே போகவில்லை. அதைப் பார்த்தது நீங்களும் நானும்.

ஒரு மாதம் கழித்துத் தங்கையின் கடிதம் வந்தது. சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்களாம். அம்மா சுவரில் மாட்டியிருந்த என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, "ரயில் பாதை போட்ட இன்னொரு படம் எங்கே?" என்று அம்மாவைக் கேட்டார்களாம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மலேசியத் தூதரகத்துக்கு அனுப்பியிருந்தேன். அது வராவிட்டால் விசா போகும். விசா போனால் ஊருக்கு அனுப்புவார்கள். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். இதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தையும் குறிப்புகளையும் சிறு சிறு துண்டாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு துண்டு மட்டும் போகாமல் மிதந்தது. கையை விட்டு எடுத்து மென்று விழுங்கினேன். தைஷான் பற்றி இரவல் வாங்கிய நூலகப் புத்தகத்தின் பின்பக்கச் சீட்டில் என் கையெழுத்து இருந்தது நினைவுக்கு வந்து, ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சீட்டைத் திருடத் தைரியம் வரவில்லை. டிராமில் யாராவது இரண்டு தடவை பார்த்தால் இறங்கி நடந்தேன். நடைவழியில் டெலிபோன் அடித்தால் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். கட்டுரைக்கு விக்டோரியாவின் கோதுமை என்று தலைப்பை மாற்றினேன்.

நீங்கள் மறுபடியும் ஒரு ஞாயிறு வந்தீர்கள்.

"என்னடா, சீனாவ முடிச்சிட்டியா?"

"இல்லண்ணே. கோதுமைக்கு மாறிட்டேன்."

"நல்லதுடா. கோதுமைக்குப் போலீஸ் வராது."

வீட்டுக்குப் போலீஸ் வந்ததை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மீதே கோபம் வருகிறது.

பத்து வாரம் கழித்து பாஸ்போர்ட் வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. அம்மாவை மட்டும் மூன்று தடவை போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மூன்றாவது தடவை போய் வந்து புனிதரின் படத்தையும் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அது சீனா விஷயமாகிவிடுமோ என்று பயம். ஆறு வருடம் நான் ஊருக்குப் போகவில்லை. இங்கே நம் பையன்களோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசவும் இல்லை. யார் எதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வானோ என்றிருந்தது. அவர்களும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

என் தொலைபேசி எண்ணை நீங்கள் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். கூப்பிட வேண்டாம். தனியாக வந்து தோளைத் தட்டவும் வேண்டாம். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், அன்று மாணவர்களாக இருந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று சொல்லுங்கள். என்னைப் பற்றி யாரிடம் சொன்னீர்கள்? எதற்காக? வேறு யார் யாரைப் பற்றிச் சொன்னீர்கள்?