அண்ணன் வாசலில் நிற்பார்

என் பெரியண்ணன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’தான். ஆபரேஷனுக்குப் போகிற கிழவர்கள்கூட அவருக்குத் ‘தம்பி’. “தம்பி, ஒண்ணும் ஆகாது. நான் வாசல்லயேதான் நிப்பேன்” என்பார். கதவு மூடியதும் அடுத்த ஆளைக் கொண்டுவர ஓடிவிடுவார்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய வாரம் சின்னண்ணனுக்கு இதய ஆபரேஷன். வேறு யாரையும் தொடவிடாமல் பெரியண்ணனே தள்ளினார். நானும் கூடவே போனேன்.

கதவருகில் சின்னண்ணன் சிரிக்கப் பார்த்தான். “என்னண்ணே, ஊருக்கெல்லாம் சொல்லுவியே, எனக்குக் கிடையாதா?”

பெரியண்ணன் குனிந்தார். போர்வையை இழுத்து அவன் காலை மூடினார்.

“பொய்யாவாச்சும் சொல்லேன்.”

“வாசல்லயே நிப்பேன்டா.”

கதவு மூடியது. அவர் நகரவே இல்லை. சற்று நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். “அண்ணே, கீழ விபத்து கேஸ், ரத்தமா கொட்டுது. தள்ள ஆளே இல்ல.”

அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற காலி ஸ்ட்ரெச்சரைத் திருப்பியபடி என்னிடம் சொன்னார்.

“நீ நில்லும்மா. அவன் கேட்டா, நான் இங்கயேதான் இருந்தேன்னு சொல்லு.”