பின்சீட்டு பெல்ட்

இதைப் படித்துவிட்டு யாரும் மஞ்சுளாவைத் தேடிப் போய் விசாரிக்க வேண்டாம். ஏற்கெனவே நிறையப் பேர் விசாரித்துவிட்டார்கள். போலீஸ், சொந்தக்காரர்கள், எந்தக் காரணமும் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எல்லோரிடமும் அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கட்டிவிடுகிற கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளரும். அவள் சொன்னது வளரவே இல்லை.

மஞ்சுளா கால்நடை மருத்துவர். வீடு திருப்பத்தூரில், வேலை மலைமேல் புதூர்நாட்டில். விடிந்தால் மலையேற வேண்டும், பொழுது சாய்ந்தால் இறங்க வேண்டும். அவளுடைய பழைய சின்ன காரின் அடிவயிறு பாதி நாள் கல்லில் உரசும். மழைக்காலத்தில் மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்தால், காரைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு மருந்துப் பையோடு சேற்றில் நடப்பாள். வேறு வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவானது. எந்த வண்டி என்பதில்தான் சண்டை.

மஞ்சுளாவுக்கு டீசல் எஸ்.யு.வி. போதும். அவள் கணவன் அருள்மணிக்கு, காட்டிலும் மேட்டிலும் ஏறுகிற ஃபோர் வீல் டிரைவ் வேண்டும்.

"தெனம் போய்ட்டு வர்றது நானு. மேட்டுல இழுக்கணும், மைலேஜ் குடுக்கணும், முதுகு நோவக் கூடாது. அவ்ளோதாங்க."

"ரோடு இருக்கற வரைக்கும் உன் டீசல் வண்டி போவும் மஞ்சு. ரோடு முடிஞ்சா இன்னா பண்ணுவ? நாலு சக்கரமும் இழுக்கற வண்டின்னா ஓடையில எறங்கி அந்தாண்ட ஏறிடலாம்."

"ஓடையில எறங்கியா நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்? உங்களுக்கு ஞாயித்துக்கெழம ஊர் சுத்தணும், அத்த சொல்லுங்க."

"நீ ஊசி போடப் போற ஊருக்கெல்லாம் தார் ரோடா போட்டு வெச்சிருக்காங்க?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் போன வாரம் ஓட்டிப் பார்த்த வெள்ளை டீசல் வண்டியில்தான் அவள் மனது நின்றிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கியரை இறக்காமலேயே திமிறிக்கொண்டு ஏறியது. குலுக்கலே இல்லை.

அந்த நேரத்தில்தான் அருள்மணி செல்போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தான். கரும்பச்சை நிறம். பல் பல்லாக டயர். சேற்றில் சிக்கினால் இழுத்து வெளியே எடுக்க, முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச். ஒரே ஆள் ஓட்டிய வண்டி. விலையும் அடிமாட்டு விலை.

விற்பவன் பெயர் குமரேசன். வேலூர்க்காரன். நாற்பது வயது இருக்கும். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனே வண்டியை ஓட்டிக்கொண்டு திருப்பத்தூருக்கு வந்தான். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஏறிய மலைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். இவன் பேசவே இல்லை. அதுவே மஞ்சுளாவுக்கு விசித்திரமாகப் பட்டது.

"பைபாஸ்ல ஓட்டிப் பாருங்க சார். நல்லா தெரியும்" என்று சாவியை அருள்மணியிடம் நீட்டினான்.

"பைபாஸ்லயா மாடு கட்டி வெச்சிருக்காங்க? நான் தெனம் மலைக்குப் போறவ. மலையிலதான் ஓட்டிப் பாக்கணும்" என்றாள் மஞ்சுளா.

"மழை வரும்போல இருக்குது மேடம். ஏலகிரி பக்கம் வேணா போலாமே?"

"என் வேல புதூர்நாட்டுல."

குமரேசன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அருள்மணி சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். "அப்ப வேணாங்க சார். நாங்க டீசலே எடுத்துக்கறோம்."

அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. எப்படியாவது அந்த வண்டியைத் தள்ளிவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிந்தது.

"சரி, போலாம். நானும் வர்றேன். இருட்டறதுக்குள்ள எறங்கிடணும்."

அருள்மணி ஓட்டினான். குமரேசன் அவன் பக்கத்தில். பின்சீட்டில் இடது ஓரம் மஞ்சுளா, மடியில் கைப்பை. வலது பக்கம் காலி.

செக்போஸ்ட் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியது. அருள்மணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினான். மஞ்சுளாவுக்கு இடுப்பு விண்டுபோனது. தினமும் இதில் போய் வந்தால் நாமே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது வளைவில் அந்தச் சத்தம் வந்தது.

டிங்... டிங்... டிங்...

"பெல்ட் போடு மஞ்சு."

"போட்டுக்கினுதாங்க இருக்கறேன்."

அருள்மணி முன்னால் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான். "வலது பக்கம் காட்டுது. சீட்டு மேல பை ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

"ஒண்ணுமே இல்ல."

குமரேசன் திரும்பாமலே சொன்னான். "அது கோளாறு மேடம். மலை ஏறினா அப்படித்தான் கத்தும். அந்த பெல்ட்ட இழுத்து மாட்டிடுங்க, நின்னுடும்."

அவள் கையை நீட்டினாள். பெல்ட்டை எடுக்கும்போது விரல்கள் சீட்டில் பட்டன. ஈரம். சொட்டச் சொட்ட ஈரம். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது. வெளியே இன்னும் தூறல்கூட இல்லை.

பெல்ட்டை மாட்டினாள்.

டக்.

சத்தம் நின்றது.

ஆனால் ஒரு வாடை வந்தது. அழுகிய இலை ஊறிய தண்ணீரின் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. தினமும் ரத்தத்தில் கை வைக்கிறவள் அவள். அது ரத்த வாடைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மேலே போகப் போக மூடுபனி இறங்கியது. மணி நாலரைதான், ஆனாலும் விளக்கைப் போட வேண்டியிருந்தது. பனி வந்தால் கண்ணாடி மங்கும். அது சகஜம். மஞ்சுளா பார்த்தது சகஜம் இல்லை. வலது பக்கப் பின்கண்ணாடி மட்டும், உள்பக்கமாக மங்கியிருந்தது. ஒரு கையகல வட்டம். அது சுருங்கியது... பெரிதானது... சுருங்கியது... பெரிதானது.

யாரோ கண்ணாடியில் முகம் வைத்து மூச்சு விடுவதுபோல.

"வண்டிய திருப்புங்க" என்றாள்.

"இன்னா மஞ்சு? இன்னும் கொஞ்ச தூரந்தான்..."

"திருப்புங்கன்றேன்!"

அப்போதுதான் கவனித்தாள். புறப்பட்டதிலிருந்து குமரேசன் ஒரு முறைகூடப் பின்னால் திரும்பவில்லை. இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தான். கழுத்தெல்லாம் வேர்வை.

வண்டி திரும்பியது. வந்த வழியில் அல்ல. இடது பக்கம், புதருக்குள் இறங்கிய ஒரு மண்பாதையில்.

குமரேசன் கண் விழித்தான். "சார்... இங்க வேணாம் சார். இந்த வழி வேணாம்!"

"நான் திருப்பல!" அருள்மணி கத்தினான். ஸ்டீயரிங் அவன் கைக்குள்ளேயே சுற்றியது. பிரேக்கை மிதித்தான். எழுந்து நின்று மிதித்தான். வண்டி அவசரமே இல்லாமல், வழி தெரிந்த மாடு மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது.

கீழே ஒரு ஓடை. கரையில் பெரிய நாவல் மரம். அதன் அடியில் வண்டி நின்றது. என்ஜின் தானாக அணைந்தது.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். எதிர்க்கரை சுவர் மாதிரி செங்குத்து.

அருள்மணி குதித்து இறங்கினான். மஞ்சுளா பக்கத்துக் கதவுக்கு ஓடி வந்தான். அவன் எட்டுவதற்குள்...

டக். டக். டக். டக்.

நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

அவன் கண்ணாடியை அடித்தான். வாய் அசைந்தது. சத்தம் உள்ளே வரவில்லை.

மஞ்சுளா மெதுவாக வலது பக்கம் திரும்பினாள்.

அவள் மாட்டிய பெல்ட் தளர்ந்து கிடக்கவில்லை. விறைப்பாக முன்னால் தள்ளி நின்றது. ஒரு தோளைச் சுற்றி, மார்பைத் தாண்டி, இடுப்பை வளைத்து. பெல்ட்டுக்குள் ஆள் இல்லை. ஆளின் அளவு மட்டும் இருந்தது.

அது ஏறி இறங்கியது.

மூச்சு.

குமரேசன் மேலே இருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். மஞ்சுளாவுக்குத் தெரியாத எதையோ அவன் பார்த்தான்.

"நான் வேணும்னு இடிக்கலம்மா..." என்று அழுதான். மஞ்சுளாவிடம் அல்ல. "பனியில தெரியல. புளி மூட்டையோட குறுக்க வந்துட்ட. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவத்தான் பின்னாடி ஏத்தினேன்..."

சொட்டு... சொட்டு... சீட்டிலிருந்து தண்ணீர் கீழே விழுந்தது.

"ரத்தம் நிக்கல. போலீசுன்னு பயந்துட்டேன். இங்க எறக்கி வுட்டுட்டேன். மழை ஊத்தும்னு, வெள்ளம் வரும்னு எனக்குத் தெரியாதும்மா..."

"அப்ப உயிர் இருந்துச்சா?" மஞ்சுளாவே கேட்டுவிட்டாள்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இருந்துச்சு. வூட்டுல வுட்டுடுங்கன்னு... கைய புடிச்சிக்கினு..."

அப்போது அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், தண்ணீர் அடைத்த தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வூட்டுல... வுட்டுடு..."

டக்.

மஞ்சுளாவின் பெல்ட் தானாகக் கழன்றது. அவள் பக்கத்துக் கதவு திறந்தது. வெளியே விழுந்தாள். அருள்மணி இழுத்து அணைத்துக்கொண்டான். கதவு மூடியது.

குமரேசன் தன் கதவை உதைத்தான். அது அசையவில்லை.

வண்டி நகர்ந்தது.

என்ஜின் ஓடவில்லை. விளக்கு எரியவில்லை. ஆனாலும் நகர்ந்தது.

ஓடையைக் கடந்தது. செங்குத்துக் கரையில் மூக்கை வைத்தது.

முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணைப் பிறாண்டின. கல் தெறித்தது. சேறு அருள்மணியின் முகத்தில் வந்து அடித்தது.

ஏறியது.

குமரேசனின் கை பின்கண்ணாடியில் தெரிந்தது. முன்சீட்டில் இருந்தவன் பின்னால் எப்படி வந்தான்?

பனி மூடிக்கொண்டது.

ஒரு அலறல். பிறகு தண்ணீருக்குள் யாரோ பேச முயல்வதுபோல, கொப்பளிக்கும் சத்தம்.

பிறகு...

ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு எதிர்க்கரை ஏறினார்கள். தவழ்ந்துதான் ஏற முடிந்தது. மேலே சாமைக் கொல்லைகளைத் தாண்டி நாலைந்து வீடுகள். ஆட்கள் டார்ச்சோடு நின்றிருந்தார்கள். கடைசி வீட்டு வாசலில், அந்த வண்டி.

வீட்டுக்கு வெளியே ஈஸ்வரி நின்றிருந்தாள். ஆட்டுக்கு மருந்து வாங்க மஞ்சுளாவிடம் வருகிறவள். போன மழைக்கு அவளுடைய அக்கா பாஞ்சாலை புளி விற்கப் போனவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஓடையில் பிணமாக ஒதுங்கினாள். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"இது யாரு வூடு?" என்று கேட்டாள் மஞ்சுளா.

"அக்கா வூடு டாக்டரம்மா. பூட்டிதான் கெடக்குது."

குமரேசன் பின்சீட்டின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தான். பெல்ட் அவன் மார்பை இறுக்கியிருந்தது. தலை தொங்கியது. ஒருவர் நிமிர்த்திப் பார்த்தார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிற்காமல் கொட்டியது. அவன் சாய்ந்திருந்த சீட்டும் முதுகுப் பக்கச் சட்டையும் காய்ந்து கிடந்தன.

மஞ்சுளா நடந்ததையெல்லாம் சொன்னாள். ஈஸ்வரி அழவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய், அந்த முகத்தைக் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"இவன்தானா?" என்றாள். பிறகு காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொன்னாள். "வந்துட்ட இல்ல... போதும், எறங்குக்கா."

கண்டு நடுங்க வேண்டிய சாவு அது. மஞ்சுளாவும் நடுங்கினாள். ஆனால் அவனுக்காக ஒரு சொட்டு இரக்கம்கூட அவளுக்கு வரவில்லை. அதை இன்றுவரை அவள் மறைக்கவில்லை.

நீரில் மூழ்கியதால் சாவு என்று டாக்டர்கள் எழுதினார்கள். பயத்தில் இறங்கி ஓடி, ஓடையில் விழுந்து, மறுபடி வண்டியில் ஏறியிருப்பான் என்று போலீஸ் எழுதியது. கணுக்கால் தண்ணீரில் எப்படி மூழ்கினான் என்று யாரும் எழுதவில்லை.

வெள்ளை டீசல் வண்டியைத்தான் வாங்கினார்கள். இந்த முறை அருள்மணி சண்டை போடவில்லை. ஈஸ்வரியின் ஊருக்குப் போக வேண்டி வந்தால், ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு மீதி தூரத்தை மஞ்சுளா நடந்துதான் போகிறாள்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பச்சை வண்டியைப் போலீசுக்காகப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ரங்கன் திருப்பத்தூரில் அருள்மணியைப் பார்த்தார்.

"அந்தக் கரையில முன்சக்கரம் சுத்துனத நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?"

"மூஞ்சியில சேறு அடிச்சுது அண்ணா. ரெண்டு சக்கரமும் சுத்துச்சு. ஏன்?"

ரங்கன் அவனை ஓரமாக அழைத்துப் போனார்.

"என்ஜின் இழுப்ப முன்சக்கரத்துக்குக் கொண்டுபோற ஷாஃப்ட்டே அந்த வண்டியில இல்ல சார். எப்பவோ பாறையில அடிபட்டு ஒடைஞ்சிருக்குது. அத்த கழட்டிப் போட்டுட்டு, வெளிய தெரியாம மூடி வெச்சிருக்கான். போல்ட் போட்ட எடமெல்லாம் ஒரு வருசத்துத் துரு. என்ஜினே ஓடியிருந்தாலும் அந்தச் சக்கரம் ரெண்டும் தானா சுத்தாது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய நின்னு யாராச்சும் கையால சுத்தினாத்தான் உண்டு."