பாட்டிலின் அடி வரை

தங்கையின் கீமோவுக்குத் துணையிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு துறைமுகத் தொழிலாளி இருந்தார். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறவர். இளம் வயது, அகன்ற தோள், மொட்டைத் தலை. மூளையில் ஒருமுறை மருந்தில் கரைந்த ‘ஜெர்ம் செல்’ வகைப் புற்றுக்கட்டி மறுபடி வந்திருந்தது. மருந்து இறங்கும்போதெல்லாம் தலையை அசைக்காமல், கண்களை மட்டும் உயர்த்தி மேலே தொங்கும் பாட்டிலைப் பார்க்க முயல்வார்.

"இன்னாப்பா பாத்துகினு கீற?" என்றேன்.

"கட்டி இருந்தா கண்ணு மேல போவாதுக்கா. கிரேன் கொக்கி தெரியாம போனப்பவே, திரும்ப வந்துகீதுன்னு புரிஞ்சிபோச்சி."

"இன்னிக்கு?"

"பாட்டிலோட அடி தெரியுதுக்கா."

நாங்கள் வீடு திரும்பிவிட்டோம். அவர் கண் அதற்குமேல் ஏறியதா, தெரியாது. இப்போதும் பேருந்து ராயபுரம் பாலத்தின் மேலே ஏறும்போதெல்லாம், தலையை அசைக்காமல் துறைமுகக் கிரேன்களைப் பார்க்கிறேன். என் கண் உச்சி வரை தடையின்றிப் போகிறது. உடனே தாழ்த்திக்கொள்கிறேன்.