வெள்ளத்துக்குக் குறைவில்லாத வீடு

மட்டாஞ்சேரியில் எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்த தரகர் ஒல்லியான, நரைமீசைக்காரர். மற்றவர்கள் தெருவில் மடித்துக் கட்டிய வேட்டியை வீட்டுக்குள் நுழையும்போது இறக்கிவிடுவார்கள். இவர் தெருவில் இறக்கிவிட்டு நடந்தார். வீட்டுக்குள் நுழையும்போது முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். மரியாதை தெரியாத ஆள் என்று எரிச்சல்பட்டேன்.

"இங்க வெள்ளத்துக்கு ஒரு குறையும் இல்ல சாரே," என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கொச்சிக்கு வந்து நான் கற்ற முதல் வார்த்தையே அதுதான். குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினேன்.

குடிவந்த பிறகு குழாயில் காற்றுதான் வந்தது. அடுத்த அமாவாசைக்குக் கடல் ஏறி, காயல் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கே வந்துவிட்டது. கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்தேன்.

"என்ன சேட்டா இது? வெள்ளத்துக்குக் குறையே இல்லன்னு சொன்னீங்களே. குழாய்ல சொட்டு வரல, கூடத்துல முழங்கால் தண்ணி."

அவர் குரலில் பதற்றமே இல்லை. "குழாயப் பத்தி ஞான் ஒண்ணும் பேசலயே சாரே. சாருக்கு மனசிலாகணும்னு தமிழ்லதானே பறஞ்சது."

அந்த மனிதர் என்னை ஏமாற்றினாரா, எச்சரித்தாரா என்று இன்னமும் பிடிபடவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கம் மட்டும் எனக்கும் வந்துவிட்டது.