பானா என்றால் பானை அல்ல

கண்ணால் பார்க்காத சுவரில், முகம் தெரியாத ஆளை, போனிலேயே ஆணி அடிக்க வைப்பதுதான் என் உத்தியோகம்.

பம்பாயை ஒட்டிய ஐரோலியில் ஒரு கம்பெனி. வீட்டு ரிப்பேரை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஆணி முதல் டிரில் மெஷின் வரை போட்டு ஒரு பெட்டி விற்கிறார்கள். கூடவே வரும் தமிழ் விளக்கப் புத்தகத்தை யார் படித்தாலும் புரியாது. அதனால் தமிழ் லைனில் நான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஏச்சையெல்லாம் வாங்கும் சக கஷ்டஜீவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தாராவிக்காரி. அப்பாவுக்குக் குழாய் வேலை. லீவு நாட்களில் சயான் பக்கம் அவரோடு போய்ச் சாமான் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தேன். ஆகவே வேலை தெரியும். பெயர்கள்தான் வம்பு. பம்பாயில் ஸ்பேனருக்குப் பானா, கட்டிங் பிளேயருக்குப் பக்கட், ஆணிக்குக் கீலா. இதெல்லாம் தமிழ் என்றே இருபத்தைந்து வயது வரை நம்பியிருந்தேன்.

முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். வாடிக்கையாளர் தன் வாயால் "சரியாயிடுச்சு" என்று சொன்னால்தான் அந்த போன் கால் தேறியதாகச் சேரும். இத்தனை தேற வேண்டும் என்று கணக்கு உண்டு. எல்லாம் ரெக்கார்டாகும். எங்கள் மேலதிகாரி, பம்பாய் மாடுங்காவிலேயே பிறந்து வளர்ந்த விஸ்வநாதன் சார், ஒன்றுவிடாமல் கேட்பார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி ஜன்னல் இல்லாத தோல்பைப் பட்டறையில் ஜிப் தைக்கப் போக வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும், அதில் வெட்கமென்ன? கீழே போனில் பேசியதெல்லாம் ரெக்கார்டில் உள்ளபடி.

முதல் வெற்றி

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா. சமையலறைக் குழாய் சொட்டுகிறதாம். "பானா, பக்கட் ரெண்டையும் எடுத்துக்கிடுங்கக்கா" என்றேன். சாமான் உருளும் சத்தம் கேட்டது. "எடுத்துட்டேன் தங்கச்சி." "பானாவை நேரா குழாய்க்குக் கொண்டு போங்க. பக்கட்டை அதுக்குக் கீழ. அசையாமப் பிடிங்க." அக்கா மூச்சு வாங்கப் பிடித்தார். "இப்பவும் தரையில சொட்டுதா?" என்று கேட்டேன். ஒரு சொட்டுகூட இல்லை என்றார். முதல் நாளே ஒரு கால் தேறிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் தாளம் தப்பாமல் வந்தது. அது என்ன என்று கேட்டேன். அக்கா சொன்னார்: "பானையில தண்ணி விழுத சத்தம்தான் தங்கச்சி, பானை நெறஞ்சா கீழ பக்கெட்டுல விழும்லா, நல்ல ரோசனை சொன்ன, எல்லாஞ் சரியாயிட்டு!"

கீலா

தென்காசியில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சுவர்க்கடிகாரம் மாட்ட வேண்டும். அடிக்கிற இடத்தில் செலோ டேப் ஒட்டிக்கொண்டால் காரை பெயராது என்று அப்பா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். நல்ல யோசனை, நீங்களும் செய்து பாருங்கள். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இப்ப கீலா அடிங்க சார்" என்றேன். "கீழயா?" "ஆமா சார், கீலாதான்." சுத்தியல் சத்தம். "அடிச்சாச்சும்மா, போதுமா?" பெரிய கடிகாரம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஒரு ஆணி தாங்காது. "இன்னொரு கீலா அடிங்க சார்." "இன்னும் கீழயா?" "ஆமா சார்."

வாத்தியார் சொன்னபடி கேட்கிற மனிதர். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது இது: "கடிகாரம் தரைக்கு ஒரு சாண் மேல நிக்குது, படுத்துக்கிட்டுப் பார்த்தா மணி நல்லாத்தான் தெரியுது, ஆனா காரணம் என்னன்னு சொல்லலியேம்மா?"

ஜாலி

பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடும் சல்லடைத் தகட்டுக்கு எங்கள் ஊரில் ஜாலி என்று பெயர். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், ஓட்டை வழியாகக் கரப்பான் வருகிறது என்றார். "உங்க பாத்ரூம்ல ஜாலி இருக்கா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அடுத்து வந்தது அவர் மனைவியின் குரல்: "யாருடி நீ, எங்க வீட்டுக்காரர்கிட்ட பாத்ரூம்ல ஜாலியான்னு கேக்குறவ?"

செந்தமிழ்ப் பட்டியல்

விஸ்வநாதன் சார் என்னைக் கூப்பிட்டு மூன்றையும் போட்டுக் காட்டினார். மூன்றாவதற்கு மட்டும் ஒலியைக் குறைத்துக்கொண்டார். "பானையிலே தண்ணி பிடிச்சதைத் தேறினதா சேர்த்துக்க முடியாது, ஜெபா. இனிமே ஒரு ஹிந்தி வார்த்தை உன் வாயிலே வரப்படாது" என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார். ஸ்பேனருக்குத் திருகுசாவி, பிளேயருக்குக் குறடு, ஸ்க்ரூ டிரைவருக்குத் திருப்புளி, ஸ்க்ரூவுக்கு மரையாணி, வால்வுக்கு அடைப்பான். பத்து நாளில் சோதனைக் காலம் முடிகிறது. சயானில் பஸ் ஏறியது முதல் ஐரோலி வரும் வரை பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். பக்கத்து சீட் மராட்டிக்கார அம்மா, மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்.

முதல் பலி கோயமுத்தூர்ப் பையன். அலமாரிக் கதவு ஆடுகிறது. "மரையாணியைத் திருப்புளியால் வலப்புறமாகத் திருகுங்கள் ஐயா" என்றேன், ஒரு பிசிறு தட்டாமல். எனக்கே பெருமையாக இருந்தது. அவன் கேட்டான்: "மேடம், நான் இங்கிலீஷ் மீடியமுங்க, கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க... ஸ்க்ரூ டிரைவரா, ஸ்பேனருங்களா?"

மாடுங்காவில் வெள்ளம்

சோதனைக் காலத்தின் கடைசி ஞாயிறு. தேற வேண்டியதில் இன்னும் ஒன்று பாக்கி. சாயங்காலம் ஒரு கால். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். "நான் ஒரு கஸ்டமர் பேசறேன், மாடுங்காலேர்ந்து. சமையல்கட்டுக் குழாய் கையோட வந்துடுத்து" என்றது குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த ரிப்பேர் பெட்டியை விஸ்வநாதன் சார் அன்றைக்குத்தான் பிரித்திருக்கிறார். அவர் வீட்டு மாமி சயானில் கச்சேரிக்குப் போயிருந்தார். ஹிந்தி லைனில் பேசினால் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும் என்று சார் தமிழ் லைனுக்கு வந்திருக்கிறார்.

இது சோதனையாகவும் இருக்கலாம். பட்டியலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். "வணக்கம் ஐயா. முதலில் அடைப்பானை மூடுங்கள்." "எந்தப் பானை? இந்தாத்திலே பானையே கிடையாது, எல்லாம் எவர்சில்வர்!" "அடைப்பான், ஐயா. பிறகு குறட்டால் பற்றி, திருகுசாவியை..." ஏதோ விழுந்தது. சார் வழுக்கிவிட்டார். பிறகு ஒரு கூச்சல்: "அம்மா தாயே, பானாவா பக்கடா, அதைச் சொல்லு முதல்லே!"

பட்டியலைத் தூக்கி எறிந்தேன். "சார், சிங்குக்குக் கீழ மெயின் வால்வை மூடுங்க. குழாயைத் திரும்ப வச்சு, பக்கட்டால பைப்பை ஆடாமப் பிடிங்க. நட்டுல பானாவை மாட்டி வலது பக்கம் சுத்துங்க. ரொம்ப முறுக்காதீங்க, மரை போயிரும்." அப்பா என் தலைக்குள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பேசினேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் நின்றது. எனக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. "சார், சரியாயிடுச்சுன்னு உங்க வாயால சொல்லணும். அப்பத்தான் கால் தேறும்." கல்யாண வீட்டில் மொய் எழுத மறந்தவர்போல் மெல்லச் சொன்னார்: "சரியாயிடுத்து, ஜெபா... நாளைக்கு இதையும் நான்தானே உட்கார்ந்து கேக்கணும்?"

திங்கட்கிழமை வந்த நிரந்தர வேலைக் கடிதத்தில் "தமிழில் சரளமாகப் பேசுவார்" என்று சார் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்தத் தமிழ் என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.