பெரியப்பாவின் கொழுப்பு

1. பெரியப்பாவுக்குக் காசநோய் என்று தெரியவந்தது.
2. மார்பு நோய் கிளினிக்கில் டாக்டர் அந்தக் கிருமியைப் பற்றி விளக்கினார்.
3. வீடு திரும்பியதும் பெரியம்மா நெய் டப்பாவை அலமாரியின் உச்சிக்கு ஏற்றினார்.
4. மருந்து தவறாமல் உள்ளே போயும் பெரியப்பா இளைத்துக்கொண்டே வந்தார்.

எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நடந்தவை இந்த வரிசையில்தான் எனக்கு நினைவிருக்கின்றன. நான் ஆய்வுக்கூடப் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வீடு தொலைவில், கிள்ளானில் இருந்ததால் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். அவர் ரயிலில் கார்டாக வேலை பார்த்தார். டிக்கெட் இல்லாமல் மாட்டியவரைக்கூடச் சிரிக்கவைத்துத்தான் இறக்கிவிடுவார். "அந்த ஆளுக்குக் கொழுப்புலா" என்பது ஸ்டேஷனில் அவருக்குக் கிடைத்த பட்டம்.

கிளினிக்குக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் தமிழர், இளைஞர். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, இது நுரையீரலைக் காக்கும் செல் என்றார். செல் கிருமியை விழுங்குகிறது. கிருமியோ சாகாமல் உள்ளேயே குடியிருந்து, செல்லில் சேரும் கொழுப்பை எடுத்துத் தின்கிறது. பதிலுக்குத் தன்னுடைய மெழுகு போன்ற கொழுப்பைச் செல்லின் சவ்வில் கலந்து அதைத் தடுமாறவைக்கிறது. லிப்பிட் என்பதற்கு அவர் தேடிப் பிடித்த தமிழ்ச் சொல் கொழுப்பு. இரண்டுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் என்றார்.

"ஊரே சொல்லிச்சு, எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு. இப்பக் கிருமியும் கண்டுபிடிச்சிருச்சா டாக்டர்?" என்றார் பெரியப்பா.

டாக்டர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. கொழுப்பைத் தின்னும் கிருமியைப் பட்டினி போட்டே கொன்றுவிடலாம் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டார்.

அதன்பின் அந்தச் சமையலறையில் கடுகு வெடிக்கவில்லை. அவித்த கீரை, தாளிக்காத பருப்பு, ஆவியில் வெந்த மீன். தேங்காய்ப்பால் நின்றது, தயிரும் நின்றது. பெரியம்மா தானும் அதையே சாப்பிட்டார். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கும் வாசனை வந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். பெரியப்பா ஆணியால் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

நான் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சொன்ன அந்தச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். கொழுப்புத் துளிகள் நிறைந்து சோப்பு நுரை போல இருக்கும். அந்தக் கொழுப்பு செல்லே சேர்த்துக்கொள்வது. தட்டில் நெய்யை நிறுத்தினால் கிருமி பட்டினி கிடக்காது, எதிர்த்துப் போராட வேண்டிய உடம்புதான் முதலில் சோர்ந்துபோகும் என்றேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நீ படிக்கிற பொண்ணு. உனக்கு அவரு ஒரு பாடம்மா. எனக்குப் புருசன்" என்றார்.

பெரியப்பா போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் அவர் நெய்யை ஒளித்திருந்தார். அந்தப் பயத்துக்கு நுண்ணோக்கியில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது நர்ஸ் மிஸ்ஸி அவரை எடை பார்க்க நிறுத்தினார். முள் நின்ற இடத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் ஏறி நிற்கச் சொன்னார். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, "ஆன்டி, வீட்டுல அங்கிளுக்குச் சோறு போடுறதில்லையா?" என்றார்.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பாத பெண்மணி அவர். முகம் கறுத்துப்போனது.

"அவங்க நல்லாத்தான் போடுறாங்க மிஸ்ஸி. எனக்குத்தான் கொழுப்பு எறங்கிப்போச்சு" என்றார் பெரியப்பா.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா முக்காலி போட்டு ஏறி நெய் டப்பாவை இறக்கினார். அன்று பருப்பில் நெய் மிதந்தது. பெரியப்பா தட்டைப் பார்த்துவிட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அவர் கேலி பேசாமல் சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அவர்கள் கிள்ளானில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரியப்பா ஓய்வுபெற்றுவிட்டார். மருந்தை முழுதாக முடித்தார்; இருமல் இல்லை, எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு மட்டும் உண்டு. நான் ஆய்வுக்கூடத்தில் அதே கிருமியின் சிலைடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குணமான பிறகும் சிலருடைய தழும்புக்குள் ஒன்றிரண்டு கிருமிகள், சேர்த்துவைத்த கொழுப்பில் காலம் தள்ளியபடி உறங்கிக் கிடக்கலாம் என்கிறார்கள். பெரியப்பாவுக்கு இது தெரியும். பெரியம்மாவிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.